விக்டோரியா காலத்து வெள்ளிக்கலங்களும் அவற்றின் முத்திரைகளும்

ஏடுகளும் கல்வெட்டுக்களுமே வரலாற்றுச் சான்றுகள் என்று கருதுவோர் பலர். உணவு மேசையிலே கிடக்கும் கரண்டியும் சான்றாதல் கூடும். ஆங்கில நாட்டிலே விக்டோரியா அரசியின் ஆட்சியில் (1837–1901) செய்யப்பட்ட வெள்ளிக் கரண்டி, தேநீர்க் கெண்டி, உப்புச் சிமிழ் ஆகியவற்றை இன்று பலர் விரும்பிச் சேர்க்கின்றனர். அவற்றின் வரலாற்றுப் பெருமை பெரிதும் அவற்றிற் பொறிக்கப்பட்ட சிறு முத்திரைகளையே பற்றி நிற்கின்றது.

தூய வெள்ளி மென்மையானது; நாளும் கையாளும் கலங்களுக்கு ஏற்றதன்று. ஆதலின் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியிருக்க, எஞ்சியதைப் பெரும்பாலும் செம்பாகக் கலப்பர். இதுவே ஸ்டேர்லிங் எனப்படும் மாற்று. செம்பு சற்று மிகினும் கண்ணால் அறிதல் அரிது. அவ்வழி நிகழும் வஞ்சனையைத் தடுத்தற்கு முதலாம் எட்வேட் மன்னன் 1300 இல் சட்டம் இயற்றி, மாற்றுப் பார்த்த கலங்களுக்குச் சிறுத்தைத்தலை முத்திரை இடச் செய்தான். 1363 இல் செய்தோன் குறியும், 1478 இல் ஆண்டைக் காட்டும் எழுத்தும், 1544 இல் நடக்கும் சிங்கமும் அதனோடு சேர்ந்தன.

விக்டோரியா காலக் கலத்தை நோக்குவோமாயின், சிங்கம் அதன் மாற்றுக்குச் சான்று பகரும். ஊர்க்குறி சோதித்த இடத்தைக் காட்டும்: இலண்டனுக்குச் சிறுத்தைத்தலை, பேமிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெபீல்டுக்கு முடி. ஊருக்கூர் ஆண்டெழுத்து வேறுபடுதலின் இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும். அரசியின் தலை வரி செலுத்தியமைக்கு அடையாளம். அவுன்சுக்கு 1 சிலிங் 6 பென்சாக இருந்த அவ்வரி 1890 இல் நீக்கப்பட, அத்தலையும் மறைந்தது. எனவே அத்தலையுடைய கலம் அதற்குப் பிற்பட்டதாகாது.

1840 இல் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாம் பூசும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றனர். மலிவான உலோகத்தின்மேற் பூசிய மெல்லிய வெள்ளி, நடுத்தரக் குடும்பத்தாரின் மேசையையும் அலங்கரித்தது. முலாமிட்ட கலங்கள் சிலவற்றில், அரச முத்திரை போலத் தோன்றுமாறு எழுத்துக்களைச் சிறு கட்டங்களுள் வரிசையாகப் பொறித்தனர். சிங்கத்தைத் தேடிக் காணாதவர் ஏமாறுவர். ஒரு கலத்தின் முத்திரையை வெட்டி மற்றொன்றிற் பதிக்கும் கரவும் இருந்தது; 1844 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கித் தண்டித்தது.

இன்று இக்கலங்களுக்கு இரு கேடுகள் உள. ஒன்று, ஓயாது துலக்குதல். துலக்குந்தோறும் முத்திரை தேய்ந்து மங்கும். மற்றொன்று உலை. 1980 இன் தொடக்கத்தில் வெள்ளி விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 50 டொலராக உயர்ந்தபோது பழங்கலங்கள் பல உருக்கப்பட்டன. உருக்கியபின்னும் வெள்ளி எஞ்சும். செய்தவன் யார், எவ்வூரில், எவ்வாண்டில் என்ற செய்தி மீளாது. ஆதலின் பழங்கலம் ஒன்று கைக்கு வரின், தராசில் இடுமுன் அதனைத் திருப்பி முத்திரையைப் படித்தல் கற்றோர் கடனாகும்.