வெற்றிலையும் கஞ்சியும்

வெற்றிலையோடு புகையிலையையும் சேர்த்துக் குதப்பும் வழக்கம் வேரூன்றிவிட்ட திருவிதாங்கூர்ச் சீமையில், வாய்ப்புற்று நெடுங்காலமாகவே ஏழை எளியவரை வாட்டிய வியாதி. 1981-இல் திருவனந்தபுரத்தில், டாக்டர் எம். கிருஷ்ணன் நாயரை ஸ்தாபக இயக்குநராகக் கொண்டு மண்டலப் புற்றுநோய் மையம் உதயமாயிற்று. 1996-இல், ஊழியர்கள் வீடுகளுக்கே சென்று வாயைக் கண்ணால் பரிசோதிக்கும் பெரும் ஆய்வும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிற்று.

ஆயினும், வாய்ப்புற்றுக்கு அளிக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சையானது நோயைத் தகிக்கும்போதே உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் நாவின் சுவை அரும்புகளையும் வாட்டிவிடுவதால், பிழைத்தெழுந்தவருக்குப் பல மாதங்கள் அன்னத்தின் ருசி மறைந்து, சிறிது மிளகாயும் பொறுக்கவொண்ணாததாகிவிடும். உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரால் அடிக்கடி வாய் கொப்பளித்து, காரமும் புளியும் நீக்கி, ஆறவைத்த குழைந்த கஞ்சியைச் சிறுகச் சிறுக அருந்துவதே அவ்வமயம் உகந்த உபாயம். மீன்குழம்பைத் துறப்பது மலையாள நாட்டாருக்குக் கடும் விரதந்தான். கஞ்சியோ, பயற்றோடு சேர்த்து அவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டுவந்த இராப்போஜனம்.