அருப்புக்கோட்டை – திருச்சுழி வறள்நிலம்: தொல்பண்பாட்டு வரலாறு

வைகைக்குத் தெற்கிலும் வைப்பாற்றுக்கு வடக்கிலும் பரந்து கிடக்கும் மானாவாரிப் பூமி இது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டங்கள் இதன் நடுப்பகுதி. ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆறு என்று சொன்னால் குண்டாறுதான். மேற்கே மலையில் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகக் கிழக்கே போய் மன்னார் வளைகுடாவில் சேரும். மழை நாளில் வெள்ளம் வரும்; மற்ற நாளெல்லாம் மணல்.

உலகின் முதல் நாகரிகங்கள் வற்றாத ஆற்றங்கரையில் பிறந்தன என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். நைல், யூப்ரடீஸ், சிந்து என்று வரிசை மனப்பாடம். அந்த வரிசையை வைத்துப் பார்த்தால் அருப்புக்கோட்டைச் சீமைக்குத் தொல்வரலாறே இருக்கக் கூடாது. ஆனால் சிந்துவெளிக் காலத்துப் பெருநகரங்களில் ஒன்றான தோலாவிராவே கட்ச் பகுதியின் வறண்ட தீவொன்றில், மழைக்கு மட்டும் ஓடும் இரண்டு ஓடைகளுக்கு நடுவே, பெரும் நீர்த்தேக்கங்களை வெட்டி வாழ்ந்த ஊர். நீர் ஓடுகிற இடத்தில் மட்டுமல்ல, நீரைத் தேக்கத் தெரிந்த இடத்திலும் மனிதர் வேரூன்றியிருக்கிறார்கள். இந்த வறள்நிலத்தின் பழமையையும் அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே பெருமேட்டில் குவிந்து கிடக்காமல், கல்லாயுதமாக, தாழியாக, சங்கு வளையல் துண்டாக, கல்வெட்டாக, கண்மாய்க் கரையாக அது ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது.

கற்காலம்

தென்னிந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கி வைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர். 1863-இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டவர் அவரே. பின்னர் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ஆராய்ந்தபோது, காரியாபட்டிக்கு வடக்கே உள்ள ஆவியூரில் கிடைத்த கல்லாயுதம் ஒன்றையும் பதிவு செய்தார். ஒரு கல்லை வைத்து ஒரு காலத்தையே கட்டிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் பழைய கற்காலச் சான்று அரிதாகவே கிடைக்கும் தென்கோடியில் அந்த ஒற்றைக் கல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

அடுத்து வருபவை நுண்கற்கருவிகள். விரல் நகத்தளவே உள்ள சில்லுகளை மரத்திலோ எலும்பிலோ வரிசையாகப் பதித்து அம்பாகவும் கத்தியாகவும் பயன்படுத்தினார்கள். இந்தக் கருவி மரபு தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரையோரத்தில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் பெருமளவில் தெரியவந்தது. உள்நாட்டில் வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையிலும் அகழாய்வில் வெளிப்பட்டது. வடமேற்குத் தமிழகத்தில் தெளிவாகக் கிடைக்கும் புதிய கற்கால வாழ்விடங்கள் இந்தப் பக்கம் மிக அரிதே. வேட்டையிலிருந்து இரும்புக் காலத்துக்கு வருவது இங்கே ஒரே எட்டாகத் தெரிகிறது.

தாழியும் இரும்பும்

தென்மாவட்டங்களில் ஏர் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பெரிய பானையின் விளிம்பு தட்டுப்பட்டால், ஊர்ப் பெரியவர்கள் அதை முதுமக்கள் தாழி என்று உடனே சொல்லிவிடுவார்கள். இறந்தவரின் எலும்புகளையும், கூடவே சிறு மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் வைத்துப் புதைத்த ஈமப்பானை அது. இதோடு சேர்ந்து வருவது கருப்பு சிவப்புப் பானை ஓடு. உடைந்த துண்டொன்றைக் கையில் எடுத்துத் துடைத்துப் பார்த்தால் உட்புறமும் வாய்ப்பகுதியும் மை போலக் கருத்திருக்கும், வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி செம்மண் நிறத்தில் இருக்கும். பானையைக் கவிழ்த்துச் சுடுவதால் காற்றுப்படாத உள்பக்கம் கருத்துப்போகிறது, தீயும் காற்றும் படும் வெளிப்பக்கம் சிவக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இப்படி ஒரே சூளையில் இரு நிறத்தை வரவழைப்பதற்குத் தீயைத் தன் சொல்லுக்கு நிற்க வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரும்பை உருக்கியவர்களுக்கும் வேண்டியது அதே திறமைதான்.

காலக்கணக்கு கடந்த சில ஆண்டுகளில் வேகமாகப் பின்னோக்கி நகர்ந்திருக்கிறது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை, அதே சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் பிற்பகுதிக்குக் கொண்டுபோனது. இவ்வளவு முந்தைய காலத்தை ஏற்பதில் அறிஞரிடையே விவாதம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். சிவகளையும், தாழிகளுக்குப் பேர்போன ஆதிச்சநல்லூரும் பொருநை என்னும் தாமிரபரணிக் கரை ஊர்கள். வறள்நிலத்துக்கு அதே ஆண்டுக்கணக்கை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. ஒரே வகைத் தாழி, ஒரே வகைப் பானை என்னும் பண்பாட்டு உறவு மட்டும் உறுதி.

கரிசல் மண்ணில் அகழாய்வாளருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும் மண், மழை பெய்ததும் உப்பி மூடிக்கொள்ளும். வெடிப்பில் விழுந்த ஓடு ஆழத்துக்கு இறங்கும், அடியில் கிடந்தது காலப்போக்கில் மேலேறும். மேலடுக்கு புதியது, கீழடுக்கு பழையது என்ற கணக்கை அங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பழைய குடியிருப்புகளைச் சரளை மேட்டிலும் செவலிலும் தேடவேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம். வீடு கட்டியவர்களும் அதைத்தான் விரும்பியிருப்பார்கள். கரிசல் வெள்ளாமைக்கு ஆகும், சுவருக்கு ஆகாது.

மதுரைக்கும் கொற்கைக்கும் நடுவே

பாண்டியரின் தலைநகர் மதுரை. முத்துத் துறைமுகம் கொற்கை. கொற்கையில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785, கீழடியில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580. இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே போகிறவர் எவரும் இந்த வறள்நிலத்தைத் தாண்டாமல் போக முடியாது. இன்றைய மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலையும் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத்தானே போகிறது! வடக்கே கீழடி, கிழக்கே வைகை முகத்துவாரத்தில் ரோமானியக் காசும் மதுச்சாடியும் கிடைத்த அழகன்குளம், மேற்கே தே. கல்லுப்பட்டி, தென்மேற்கே வெம்பக்கோட்டை என நான்கு பக்கமும் அகழாய்வு நடந்த ஊர்கள் சூழ்ந்திருக்க, நடுவில் இருப்பது அருப்புக்கோட்டை – திருச்சுழிச் சீமை.

இவற்றில் வெம்பக்கோட்டைதான் நில அமைப்பில் இதற்கு நெருங்கிய உறவு. வைப்பாறும் குண்டாற்றைப் போலவே மழையை நம்பிய ஆறு. வெம்பக்கோட்டையை ஒட்டிய விஜயகரிசல்குளத்தில் சுமார் 25 ஏக்கரில் இருக்கும் தொல்மேட்டில் 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மாநிலத் தொல்லியல் துறை மூன்று கட்டமாக அகழாய்வு நடத்தியது. முதல் கட்டத்தில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட தொல்பொருள்கள் கிடைத்தன. பொன்னணி, யானைத் தந்தப் பகடை, கண்ணாடி மணி, சூதுபவளம் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே வாழ்ந்தவர்களின் அன்றாடத்தைப் பொன்னைவிடத் தெளிவாகச் சொல்பவை சங்கு வளையல் துண்டுகள். முழுதாக முடிந்த வளையலோடு, அறுத்துப் பாதியில் விட்டதும் கழிவும் சேர்ந்தே கிடைக்கின்றன. வாங்கி அணிந்த ஊரில் கழிவு கிடக்காது. செய்த ஊரில்தான் கிடக்கும். மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கு அவ்வளவு தூரம் உள்நாட்டுக்குச் சுமையாக வந்து, அறுபட்டு, இழைக்கப்பட்டு, மீண்டும் சந்தைக்குப் போயிருக்கிறது. வண்டிப்பாதையும், இடையில் தங்கித் தண்ணீர் குடிக்கும் ஊர்களும் இல்லாமல் இது நடக்காது.

தக்களியையும் இங்கே சொல்லவேண்டும். சுடுமண்ணில் சிறு வட்டாகச் செய்து நடுவில் துளையிட்டது. துளையில் குச்சியைச் செருகிச் சுழற்றினால் பஞ்சு முறுகி நூலாகும். கீழடியிலும் வெம்பக்கோட்டையிலும் இவை கிடைத்திருக்கின்றன. குறைந்த நீரில் விளையும் பருத்திக்குக் கரிசலைவிட ஏற்ற மண் இல்லை. திருச்சுழி இருந்த நாட்டுப்பிரிவைக் கல்வெட்டுகள் பருத்திக்குடி நாடு என்றே குறிக்கின்றன. நெசவு அருப்புக்கோட்டையின் பெருந்தொழிலாக இன்றும் நீடிக்கிறது. இன்றைய நெசவாளர் பலரின் முன்னோர் பிற்காலத்தில் இங்கு வந்து குடியேறியவர்கள் என்பதால், அன்றைய தக்களியையும் இன்றைய தறியையும் ஒரே குடும்பக் கதையாக்குவது தவறு. தொழில் மாறாமல் இருப்பதற்கு மண் மாறாததே போதுமான காரணம்.

எழுத்தும் பள்ளியும்

எழுத்தின் வருகைக்குச் சான்று மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள். மாங்குளத்துக் குகையில், சமணத் துறவியருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரும் வெள்ளறை வணிகக் குழுவின் பெயரும் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் உள்ளன. அரசனும் வணிகனும் துறவியும் ஒரே பாறையில் சந்தித்துக்கொண்ட காலம் அது. அந்தத் துறவு மரபு வறள்நிலத்திலும் இறங்கி, பல நூற்றாண்டுக்குப் பின் பெரும் பள்ளியாக வளர்ந்தது. வெண்புநாட்டுக் குறண்டியிலிருந்த திருக்காட்டாம்பள்ளி அது. அதைச் சேர்ந்த ஆசிரியரும் மாணாக்கரும் மதுரைச் சமணர் மலை, கழுகுமலை முதலிய இடங்களில் தீர்த்தங்கரர் திருமேனிகளைச் செய்வித்ததாக ஒன்பதாம் நூற்றாண்டையொட்டிய வட்டெழுத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. புன்செய்க்காட்டு ஊரொன்றின் கல்விக்கூடம் பாண்டிய நாடு முழுக்கப் பேர் வாங்கியிருந்தது என்பது இந்தச் சீமையின் வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தி. முதலாம் குலோத்துங்கன் காலத்தில்கூட, 1118-இல், அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் முக்குடையார் எனப்படும் அருகருக்குக் கோயில் எழுப்ப நிலம் கொடுத்திருக்கிறார்கள்.

கண்மாய்

இத்தனைக்கும் அடித்தளம் தண்ணீர். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனிடம் குடபுலவியனார் பாடிய புறநானூற்று 18-ஆம் பாட்டு, வானம் பார்த்த நிலத்தில் நீரைத் தேக்கச் சொல்லி அரசனுக்கே அறிவுரை கூறுகிறது. அந்த அறிவுரை நடைமுறையானதைக் காட்டும் கல்வெட்டு சாத்தூர் வட்டத்து எருக்கங்குடியில் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் சீமாறன் சீவல்லபன் ஆட்சியில், இருப்பைக்குடி கிழவன் எட்டிச்சாத்தன் என்னும் தலைவன் ஊர் ஊராக ஏரிகளும் கோயில்களும் அமைத்ததை அது பட்டியலிடுகிறது.

இந்த நில அமைப்பில் கண்மாய் தனியாக நிற்பதில்லை. சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போடுவார்கள். நீர் மடை வழியாக வயலுக்குப் போகும். நிறைந்தால் கலுங்கில் வழிந்து மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாயை நிரப்பும். குடிக்க ஊருணி தனி. மேலூர்க்காரர் கலுங்கை உயர்த்தினால் கீழூர்க்காரர் வயல் காயும். ஆகவே ஊர்களுக்கிடையே உடன்பாடும், அதைக் காக்கும் சபையும், மீறியவரைக் கேட்கும் அதிகாரமும் தேவைப்பட்டன. இங்கே அரசு என்ற ஒன்று கெட்டிப்பட்டதற்குப் போர்க்களத்தைவிடக் கலுங்குதான் பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

கண்மாய்க்கு அடுத்தது கோயில். திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடிய தலம்; பாண்டிநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. குண்டாற்றைக் கடந்தால் பள்ளிமடம். அங்குள்ள கோயில், பத்தாம் நூற்றாண்டில் சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலக் கல்வெட்டுகளில் சுந்தரபாண்டிய ஈச்சுரம் எனப்படுகிறது; மறைந்த பாண்டிய அரசன் ஒருவனுக்கு எடுத்த பள்ளிப்படை என்பது ஆய்வாளர் முடிவு. கோயில் விளக்கெரிக்க ஆடு விடுவது அக்கால வழக்கம். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நெய் அளப்பார். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காப்பதும் அவர் பொறுப்பு. அதனால் அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். நன்செய் நாட்டில் நெல்லில் நடந்த கொடுக்கல் வாங்கல் மேய்ச்சல் நாட்டில் ஆட்டில் நடந்தது. கரிசல் காட்டில் இன்றும் கோடையில் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். நிலத்துக்காரர் கூலி கொடுத்து உரம் வாங்கும் வழி அது.

இன்றைய நிலை

தொல்மேடுகளில் சீமைக்கருவேலம் அடர்ந்து மண்டிக் கிடக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து மண் வெட்டும் இயந்திரம். கண்மாயில் வண்டலும் சவுடும் அள்ளும்போது கரையோரத்துத் தாழிக்காடு ஒரே பகலில் லாரியில் ஏறிப் போய்விடும். ஏர் முனை தட்டினால் ஒரு தாழி உடையும். பொக்லைன் இறங்கினால் காடே போகும். மண்ணுக்குள் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. உடைந்த ஓட்டுக்கும் சங்குத் துண்டுக்கும் சந்தையில் மதிப்பில்லை என்பதால் அவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கிடைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் தகவல் தொல்லியல் துறைக்குப் போகும். எடுத்து வீட்டில் வைத்துவிட்டால், எந்த ஆழத்தில் எதன் பக்கத்தில் இருந்தது என்ற செய்தி அன்றே தொலைந்துவிடும்.