பூட்டும் சாவியும் ஓரிடத்தில்: நவாபின் கடிதங்கள் தரும் பாடம்

ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் கடிதம் ஓர் அமானிதம் ஆகும். எழுதியவரும் பெறுபவரும் அன்றி மூன்றாமவர் அதனைப் பிரித்துப் படித்தல் தகாது என்பது நம் முன்னோர் பேணிய ஒழுக்கம். பிறர் அந்தரங்கத்தைத் துருவுதலைத் திருமறையும் விலக்கியுள்ளது. ஆயினும் ஒழுக்கம் ஒன்றையே நம்பி எந்த அரசும் கடிதம் விடுத்ததில்லை.

அமீர் முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் (661–680), ஒருவருக்கு ஓர் இலட்சம் திர்ஹம் கொடுக்குமாறு எழுதப்பட்ட கடிதம் வழியிலே பிரிக்கப்பட்டு, இரண்டு இலட்சம் எனத் திருத்தப்பட்டுவிட்டது. அதன் பின்னரே ‘தீவானுல் காத்தம்’ என்னும் முத்திரை அலுவலகம் ஏற்பட்டதென வரலாற்றாசிரியர்கள் வரைந்துள்ளனர். முத்திரை ஒரு காவல் என்றால், சங்கேத எழுத்து மற்றொரு காவல். அந்தச் சங்கேதத்தையும் உடைக்க இயலும் என்பதை 9-ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதின் பேரறிஞர் அல்-கிந்தி எடுத்துக்காட்டினார். ஒரு மொழியில் எந்த எழுத்து மிகுதியாக வருகிறது என்று முதலில் எண்ண வேண்டும். பின்னர்ச் சங்கேதக் கடிதத்தில் எந்தக் குறி மிகுதியாக வருகிறது என்று எண்ண வேண்டும். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் மறைபொருள் வெளிப்படும். இதுவே அவர் கண்ட வழி.

முத்திரையும் சங்கேதமும் இருந்தும் மூன்றாவது காவல் ஒன்று இல்லாமற் போனதால் ஓர் அரசே கைமாறிய வரலாறு நம் தமிழகத்திலேயே உண்டு.

பெயர் தந்த நவாப்

காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே பாலாற்றை அடுத்துள்ள வாலாஜாபாத், ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா அவர்களின் பட்டப்பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். 1768-இல் சேப்பாக்கம் அரண்மனையை எழுப்பியவரும், திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குப் பெயர் தந்தவரும் அவரே. ஆனால் வாலாஜாபாத் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையை அவர் 1763-இலேயே ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்துவிட்டார். ஆகவே நவாபின் பெயர் கொண்ட ஊர் கம்பெனிப் பட்டாளத்தின் பாளையமாகவே வளர்ந்தது. பெயர் ஒருவருடையது, அதிகாரம் மற்றொருவருடையது. நவாபின் இறுதிக்கால நிலைமையும் இதுவேதான்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் புதல்வர் இருவரைக் கம்பெனியாரிடம் பிணையாக ஒப்படைத்தார். அச்சிறுவர்கள் 1794 வரை சென்னையில் இருந்தனர். அவர்களுடன் குலாம் அலீ கான், அலீ ரஸா கான் என்னும் வக்கீல்கள் இருவரும் வந்திருந்தனர். நவாபும் அவருடைய மூத்த மகன் உம்தத்துல் உமராவும் இவ்விருவரையும் சந்தித்து அளவளாவியதுண்டு. அச்சந்திப்புகளில் நடந்தவற்றை வக்கீல்கள் தம் சுல்தானுக்கு எழுதி அனுப்பினர். நவாப் இன்ன அன்புமொழி கூறினார், இரு குடும்பங்களுக்கும் இடையே மண உறவு பற்றிய பேச்சு வந்தது, ஆங்கிலேயரின் ஐயத்துக்கு இடமளிக்காமல் சிறிது காலம் அமைதியாக இருக்குமாறு அறிவுரை சொன்னார் என்ற இத்தகைய செய்திகளே அவற்றில் இருந்தன. கம்பெனியின் இசைவின்றிப் பிற அரசுகளுடன் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வதில்லை என்று அதே 1792-இல் நவாப் கம்பெனிக்கு வாக்களித்திருந்தார் என்பதையும் ஈண்டு மறத்தலாகாது.

கைப்பற்றப்பட்ட காகிதங்கள்

முஹம்மது அலீ 1795-இல் காலமானார். 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலே உயிர் நீத்தார். வென்றவர்கள் பொன்னையும் மணியையும் மட்டுமா தேடினார்கள்? அரண்மனையின் பாரசீக ஆவணங்களையும் அள்ளிச் சென்றனர். அவற்றுள் அவ்வக்கீல்களின் கடிதங்கள் இருந்தன. சங்கேதச் சொற்களின் விளக்கக் குறிப்பும் அவற்றுடனேயே இருந்தது!

அக்குறிப்பின்படி ஆங்கிலேயருக்குப் பெயர் ‘தாஸா வாரித்’, அதாவது புதிதாக வந்தவர். ஹைதராபாத் நிஜாமுக்கு ‘ஹேச்’, அதாவது ஒன்றுமில்லாதவர். மராட்டியருக்கு ‘பூச்’, அதாவது அற்பர். அல்-கிந்தியின் நுண்கலை எதுவும் அங்கே தேவைப்படவில்லை. பூட்டின் அருகிலேயே சாவி தொங்கிற்று.

கம்பெனியின் பாரசீக மொழிபெயர்ப்பாளர் எட்மன்ஸ்டன் அக்காகிதங்களை ஆராய்ந்து, அவை நவாபின் பகைமையைக் காட்டுகின்றன என்று அறிக்கை தந்தார். பின்னர் வெப், குளோஸ் என்னும் அதிகாரிகள் அவ்வக்கீல்களையே நேரில் விசாரித்தனர். உறுதியான சதி எதுவும் அவ்விசாரணையில் வெளிப்படவில்லை. இந்திய வரலாற்றை 1817-இல் நூலாக வெளியிட்ட ஜேம்ஸ் மில் என்னும் ஸ்காட்லாந்துக்காரரே, இக்காகிதங்கள் நவாபின் குற்றத்தை மெய்ப்பிக்கவில்லை என்று முடிவு கட்டினார். எனினும் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லிக்கு அவை போதுமானவையாக இருந்தன.

1801 ஜூலை 15-ஆம் நாள் உம்தத்துல் உமரா மறைந்தார். அதற்கு முன்னரே கம்பெனிப் படை சேப்பாக்கம் அரண்மனையைச் சூழ்ந்து நின்றது. அவருடைய மகன் அலீ ஹுசைன் கம்பெனியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். எனவே குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த அஸீமுத் தௌலாவுக்குப் பட்டம் சூட்டி, ஜூலை 31-ஆம் நாள் உடன்படிக்கை எழுதினர். வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு. கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு. நாட்டைக் கொள்ளும் ஆசை முன்னரே இருந்தது; அதற்கு வேண்டிய சாக்கைக் காகிதங்கள் கொடுத்தன.

நாம் பெறும் படிப்பினை

முதலாவது, நம் இரகசியம் நம் வீட்டில் மட்டும் இருப்பதன்று. சேப்பாக்கத்தில் எவ்வளவு காவல் இருந்திருந்தாலும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சேர்ந்த காகிதம் அங்குள்ள காவலையே நம்பி இருந்தது. இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை தேடிச் செல்லும் நம் பிள்ளைகள் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் ஆகியவற்றை இடைத்தரகர் பலரிடம் கொடுத்து வருகின்றனர். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலை அரசே வழங்குகிறது. அது போதுமான இடத்தில் முழு எண்ணைக் கொடுப்பானேன்? எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டது என்பதையும் தேதியையும் நகலின் மேலேயே எழுதிக் கையொப்பமிடுவது நல்ல வழக்கம்.

இரண்டாவது, சாவியைப் பூட்டோடு வைத்தலாகாது. கடவுச்சொற்களை அதே கைப்பேசியில் எழுதி வைப்பதும், வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பதும், வரும் ஒருமுறைக் குறியீட்டை யாரோ கேட்டவுடன் சொல்வதும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் குறிப்பைப் போன்றவையே. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லும், அதற்கு மேல் இரண்டாம் நிலைச் சரிபார்ப்பும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வேண்டாததைச் சேர்த்து வைத்தலாகாது. ஏழாண்டுகளுக்கு முன் எழுதிய நலம் விசாரிப்பே நவாப் குடும்பத்துக்கு எதிரான சாட்சியாயிற்று. இல்லாத காகிதத்தை எவரும் கைப்பற்ற இயலாது. வேண்டிய ஆவணத்துக்கோ, வேறோரிடத்தில் ஒரு படி இருத்தல் நலம்.

நான்காவதே தலையாயது. அன்று காகிதத்தைக் கைப்பற்றியவரே அதற்குப் பொருள் சொன்னார்; பொருள் சொன்னவரே தீர்ப்பும் வழங்கினார். இடையில் நின்று கேட்க ஒரு நீதிமன்றம் இல்லை. நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. அச்சட்டத்தில் அரசுக்கு அளிக்கப்பட்டுள்ள விலக்குகள் மிகுதி என்னும் குறையை அறிஞர் பலர் சுட்டியுள்ளனர். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதனை அறிந்து கேட்பவர் வீடுதோறும் இருத்தல் வேண்டும்.

மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு அச்சம் எதற்கு என்று வினவுவோர் உண்டு. வக்கீல்களிடம் பேசிய அன்புமொழி ஒரு நாள் அரசையே விலையாகக் கேட்கும் என்று நவாபும் நினைத்திருக்கமாட்டார். எழுதியவரின் எண்ணத்தோடு படிப்பவர் எல்லோரும் படிப்பதில்லை. ஆகவே பிறரின் கடிதத்தை மதிப்பதும், நம் கடிதத்தைக் காப்பதும் ஒரே அமானிதத்தின் இரு பக்கங்கள் என்பதை நம் மக்களுக்கு இளமையிலேயே கற்பித்து வருவோமாக.