சிறிய நாய் உறுமினால் சிரிக்கலாமா?

அல்சேஷன் நாயொன்று விருந்தாளியைப் பார்த்து உறுமினால் வீட்டார் பதறிப்போய்க் கட்டிவைப்பார்கள். மடியிலிருக்கும் பொமரேனியன் அதையே செய்தால், "கோபத்தைப் பாருங்கோ" என்று சிரிப்பார்கள். சிறிய நாய்களுக்குக் கடுகடுப்பானவை என்ற பெயர் கிடைப்பதற்கு இந்தச் சிரிப்பும் ஒரு காரணம். பெரிய நாய்க்குக் கொடுக்கும் பயிற்சியை நாம் சிறியதற்குக் கொடுப்பதில்லை.

இனத்தின் இயல்பும் உண்டு. டாஷ்ஹண்ட், வளைக்குள் புகுந்து வேட்டையாடுவதற்காக ஜேர்மனியில் வளர்த்தெடுக்கப்பட்ட இனம். அது குரைப்பதையும் பூச்சாடியைத் தோண்டுவதையும் குறைக்கலாமே தவிர, முற்றாக நிறுத்த முடியாது.

உறுமல் என்பது "கிட்ட வராதே" என்ற எச்சரிக்கை. வருகிற ஒவ்வொருவரும் மேலே குனிந்து சட்டென்று தூக்கினால், உள்ளங்கையளவு குட்டிக்கு எப்படி இருக்கும்? உறுமியதற்காக அடித்தால் பயம் போகாது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும். தரையில் அமர்ந்து, அது தானாக வரும்வரை காத்திருக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பிறந்து 3 முதல் 14 வாரம் வரையான காலம் முக்கியமானது. புதிய மனிதர்களையும் சத்தங்களையும் குட்டி இலகுவாக ஏற்றுக்கொள்வது அப்போதுதான். தடுப்பூசிகள் முடியும்வரை வீதியில் இறக்கிவிடாமல், கையில் ஏந்திச் சென்று முச்சக்கரவண்டியையும் சந்தை இரைச்சலையும் பழக்கலாம்.

சிறுநீர்ப்பை சிறியது என்பதால் அடக்கிவைக்கும் நேரமும் குறைவு. நித்திரை விட்டெழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே இருந்த உடனேயே நகத்தளவு அவித்த கோழி இறைச்சி கொடுத்தால் போதும். முழு பிஸ்கட் இந்த உடம்புக்கு அதிகம். வீட்டுக்குள் இருந்துவிட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது நம்மவர்களின் பழைய வழக்கம். அதனால் குட்டி கற்றுக்கொள்வது, கதிரைக்குப் பின்னால் ஒளித்துச் செய்வதைத்தான்.

நடக்கப் பழக்கும்போது கழுத்துப்பட்டியைவிட மார்புப்பட்டி நல்லது. பொமரேனியன் போன்றவற்றின் மூச்சுக்குழாய் இழுவையைத் தாங்காது.

விளையாட்டாகக் கடித்தாலும், பல் பட்டுத் தோல் கிழிந்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிட வேண்டாம். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாத காரியம். நாயின் அளவு அதற்கு ஒரு பொருட்டல்ல.