பற்றவைப்புப் புகையும் இழப்பீட்டுச் சட்டமும்: மெய்ப்பிக்கும் சுமையின் வரலாறு

தொழிலால் வரும் நோய்க்கு இழப்பீடு கோரும் வழக்குகளில், நோய் உண்டா என்பதைக் காட்டிலும் அதைத் தந்தது எது என்பதே கடினமான கேள்வியாக இருந்து வந்துள்ளது. எந்திரத்தில் சிக்கி விரலை இழந்தவரின் காயத்துக்கு நாளும் இடமும் சாட்சியும் உண்டு. இருபது ஆண்டுகள் புகையைச் சுவாசித்தவரின் நோய்க்கு அவற்றுள் எதுவும் இல்லை. உலோகத்தை மின்வில்லின் வெப்பத்தால் உருக்கி இணைக்கும் பற்றவைப்புத் தொழிலில், அதாவது வெல்டிங்கில், இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஏனெனில் அங்கு எழும் புகை இரும்பு, மாங்கனீசு, துருவேறா எஃகாயின் குரோமியம், நிக்கல் எனப் பலவற்றின் நுண்துகள்களும் ஓசோன் போன்ற வாயுக்களும் சேர்ந்த கலவை. சட்டமோ நெடுங்காலம் ஒரு நோய்க்கு ஒரு நஞ்சைப் பெயரிட்டுக் காட்டுமாறு கேட்டு வந்தது.

அக்கலவையில் முதலில் அடையாளம் காணப்பட்ட நஞ்சு மாங்கனீசு. அதுவும் பற்றவைப்புத் தொழில் தோன்றுவதற்கு முன்பே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வெளுப்புத்தூள் தயாரிப்பதற்காக மாங்கனீசுத் தாதுவை அரைத்துவந்த தொழிலாளர்கள் சிலரின் கால்கள் வலுவிழந்ததையும், நடை தடுமாறியதையும், பேச்சு முணுமுணுப்பாகத் தேய்ந்ததையும் கூப்பர் என்ற மருத்துவர் 1837இல் பதிவு செய்தார். மொராக்கோவின் மாங்கனீசுச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்த ரோதியே 1955இல் வெளியிட்ட கட்டுரை, இந்நஞ்சு முதலில் மனநிலையைக் குலைத்து, பின்னர் பேச்சையும் முகபாவத்தையும் இறுகச் செய்து, இறுதியில் நடையை முடக்குகிறது என்று காட்டியது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயை இது பெரிதும் ஒத்திருந்தது. இந்த ஒற்றுமையே அரை நூற்றாண்டுக்குப் பின் நீதிமன்றங்களில் பெரும் சர்ச்சையானது.

பற்றவைப்பின் வளர்ச்சி இந்த உலோகத்தைச் சுரங்கத்திலிருந்து பட்டறைக்குக் கொண்டுவந்தது. 1880களில் ருஷ்யப் பேரரசைச் சேர்ந்த பெனார்டோஸ் கரிமின்முனையைக் கொண்டு உலோகங்களை இணைக்கும் முறையைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் செல்பெர்க் பூச்சிட்ட பற்றவைப்புக் கம்பியை, பட்டறைகளில் வெல்டிங் ராடு எனப்படுவதை, உருவாக்கினார். தறையாணியின்றி முழுவதும் பற்றவைத்துக் கட்டப்பட்ட புல்லகர் என்ற கடற்கப்பல் 1920இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கப்பல்தளங்கள் இதே முறையில் கப்பல்களைக் கட்டிக் குவித்தன. உருகும் எஃகிலிருந்து ஆக்சிஜனையும் கந்தகத்தையும் நீக்கி இணைப்புக்கு வலுவூட்டும் மாங்கனீசு, கம்பியிலும் பூச்சிலும் சேர்க்கப்படுகிறது. இரும்பு ஏறத்தாழ 2,860 பாகை செல்சியஸில் கொதிக்க, மாங்கனீசு 2,060 பாகையிலேயே ஆவியாகிவிடுவதால், கம்பியில் இருக்கும் விகிதத்தைவிடப் புகையில் அதன் விகிதம் மிகுந்துவிடுகிறது.

நுரையீரலின் கதை வேறு வகையில் சென்றது. துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தவருக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் கண்டு, ஓரிரு நாளில் தணிந்துவிடும். உலோகப்புகைக் காய்ச்சல் என்ற இது பித்தளை வார்ப்பவரிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. பற்றவைப்பவரின் நுரையீரலில் இரும்புத் துகள் படிந்து எக்ஸ்ரே படத்தில் புள்ளிகளாகத் தெரிவதை 1936இல் டோய்க், மெக்லாஃப்லின் ஆகியோர் விவரித்தனர். தொழிலை விட்டபின் அப்புள்ளிகள் மங்குவதும் பின்னர் தெரியவந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் மரணப் பதிவேடுகளை ஆராய்ந்த காகனும் உடனாய்வாளர்களும், பணிபுரியும் வயதிலுள்ள பற்றவைப்பாளரிடையே நிமோனியா சாவுகள் மிகுதி என்றும், ஓய்வு வயதுக்குப் பின் அம்மிகுதி மறைகிறது என்றும் 1994இல் காட்டினர். மக்கள்தொகையை நோக்க இது வலுவான சான்று. ஆயினும் யாருக்கும் வரக்கூடிய நிமோனியா, குறிப்பிட்ட ஒருவருக்குப் புகையால்தான் வந்தது என்று நிறுவ இதனால் மட்டும் இயலாது.

இத்தகைய ஐயங்களைக் கடப்பதற்காகவே சட்டம் பட்டியல் என்ற உத்தியைக் கையாண்டது. பிரிட்டனின் 1897ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விபத்துகளை மட்டுமே கருதியது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்செனிக் ஆகியவற்றின் நஞ்சேற்றம் உள்ளிட்ட ஆறு நோய்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழியைப் பின்பற்றி, தொழில்சார் நோய்களை மூன்றாம் அட்டவணையில் வகுத்தது. மாங்கனீசு நோயும் பின்னாளில் அதில் இடம்பெற்றது. அட்டவணையின் இரண்டாம் பகுதியிலுள்ள நோய், அதற்குரிய வேலையில் தொடர்ந்து ஆறு மாதங்களுக்குக் குறையாமல் பணியாற்றியவருக்கு வந்தால், அது வேலையால் நேர்ந்த காயமாகவே கொள்ளப்பட்டது. அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பைச் சேர்ந்தது. தொழிலாளியின் தோளிலிருந்து சுமையை இறக்கிய இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு முன்நிபந்தனை இருந்தது: பணியாற்றியதற்கான சான்று. வருகைப் பதிவேடோ சம்பளச் சீட்டோ இல்லாத சிறு பட்டறைகளில், நோயை நிறுவுவதற்கு முன்பே வேலையை நிறுவ வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இப்போராட்டம் வேறு களத்தில் நடந்தது. அங்கு மாநிலங்களின் இழப்பீட்டுச் சட்டங்கள், தவறை மெய்ப்பிக்காமலே ஓரளவு தொகை தருவதற்கு ஈடாக, முதலாளிமீது வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன. ஆகவே பற்றவைப்பாளர்கள், ஆபத்தைப் போதிய அளவு எச்சரிக்கவில்லை என்று கம்பி தயாரித்த நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். 2001இல் செயின்ட் லூயிஸ் நகர நரம்பியல் ஆய்வாளர்கள், தாம் ஆராய்ந்த 15 பற்றவைப்பாளரிடம் நடுக்குவாதம் சராசரியாக 46 வயதில் தொடங்கியதாகவும், பிற நோயாளிகளிடம் 63 வயதில் தொடங்கியதாகவும், நோய்க்குறிகளோ இரு சாராரிடமும் ஒன்றே என்றும் தெரிவித்தனர். இளவயதுத் தொடக்கம் வாதிகளுக்குத் துணையானது. நோய்க்குறிகளின் ஒற்றுமையோ, இது எவருக்கும் வரும் வழக்கமான நடுக்குவாதமே என்று வாதிட எதிர்த்தரப்புக்கு உதவியது.

2003இல் இல்லினாய் மாநில நடுவர் குழு ஒன்று முன்னாள் பற்றவைப்பாளர் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் வழங்கியபின் வழக்குகள் ஆயிரக்கணக்கில் பெருகின. கூட்டாட்சி நீதிமன்றங்களில் இருந்தவை அவ்வாண்டே ஒஹையோவின் வடக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஒருங்கிணைக்கப்பட்டன. 2007இல் அங்கு ஒரு வழக்கில் இரண்டு கோடி டாலருக்கு மேல் வழங்கிய தீர்ப்பை 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது; மாங்கனீசுதான் காரணம் என்ற மருத்துவரின் சாட்சியம், சோதித்தறியப்பட்ட அறிவாக அன்றி ஊகமாகவே நின்றது என்பது அதன் முடிவு. பொதுவாகத் தீங்கு செய்யவல்லது என்பதும், இவருக்குத் தீங்கு செய்தது என்பதும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டியவை என்ற கோட்பாடு, பெரும்பாலான வாதிகளுக்குக் கடக்க இயலாத தடையாயிற்று.

கலவையே காரணம் என்ற நிலைப்பாட்டை அறிவியல் பின்னரே எட்டியது. உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1989இல் புற்றுநோய் தரக்கூடும் என்ற அளவில் மட்டும் வகைப்படுத்திய பற்றவைப்புப் புகையை, நுரையீரல் புற்றுநோய்ச் சான்றுகளின் அடிப்படையில் 2017இல் உறுதியான காரணிகளின் வரிசையில் சேர்த்தது. இதையடுத்து பிரிட்டனின் பணிப்பாதுகாப்பு ஆணையம், சாதாரண எஃகின் புகைக்கும் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்று 2019இல் அறிவித்து, அறையின் பொதுக் காற்றோட்டம் போதாது என்றும், புகையை எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்ற வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

புகை உறிஞ்சும் குழாயை அமைக்குமாறு ஆணையிட, குறிப்பிட்ட ஒருவரின் நோய்க்குக் காரணம் எது என்ற கேள்விக்கு விடை தேவையில்லை. ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கு ஆபத்து உண்டு என்ற சான்றே போதும். ஒருவருக்கு இழப்பீடு தரப் போதாமற்போன அதே புள்ளிவிவரம், அனைவரையும் காக்கும் கடமையை விதிக்கப் போதுமானது. பெயரிடத்தக்க நஞ்சுக்குப் பட்டியலும், பெயரிட இயலாத கலவைக்குத் தடுப்புக் கடமையும் என இரண்டும் ஒருங்கே அமைந்த இடங்களில்தான் மெய்ப்பிக்கும் சுமை, அதைச் சுமக்க வலுவற்ற தொழிலாளியை விட்டு நீங்குகிறது.