சூரைச்செடியும் சுட்ட அடையும்

தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டவனை எங்ஙனம் அடக்கம் செய்வது என்ற கேள்விக்குத் திருச்சபை நெடுங்காலம் ஒரே பதிலையே வைத்திருந்தது. கொலையை விலக்கும் கட்டளை தன்னுயிருக்கும் பொருந்தும் என்றார் அகஸ்தீன். 561இல் பிராகா நகரில் கூடிய ஆயர் மன்றம் அத்தகையோருக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1662இன் ஆங்கிலிக்க வழிபாட்டு நூலும் 1917இன் கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பும் அதே தடத்திற் சென்றன.

இந்த மரபு இலங்கையின் தேயிலை மலைக்கும் ஏறிற்று. 1854இல் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன் (பெயரைக் கவனியுங்கள்!) தோட்டங்களில் வேதம் பரப்பியது. ஹட்டன், நுவரெலியா லயங்களில் வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் இந்துக்கள். திருச்சபையின் விதி அவர்களைத் தீண்டவில்லை. ஆயினும் 1883இன் தண்டனைச் சட்டம் யாவரையும் தீண்டிற்று. சாக முயன்று பிழைத்தவன் அச்சட்டத்தின் முன் குற்றவாளி.

அவனுடைய நம்பிக்கையைப் பறித்தது எது என்று நீதிமன்றம் கேட்கவில்லை. நாம் கேட்போம். கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த துண்டுச் சீட்டைப் புதிய தோட்டம் தீர்த்தாலொழிய, தொழிலாளி பழைய தோட்டத்தை விட்டு நகர முடியாது. 1921 வரை இம்முறை நீடித்தது. 1948இல் குடியுரிமை போயிற்று. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பங்கிட்டது. ஒரே குடும்பத்தில் ஒருவர் கோச்சி ஏற, மற்றவர் மலையில் நின்றார். 1973-74இல் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. தனிமனிதப் பாவம் என்று இதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

வேதத்திலேயே வேறொரு குரல் உண்டு. சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தழலிற் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா உண்டு மறுபடியும் உறங்கினான்; தூதன் மறுபடியும் வந்து எழுப்பினான்.

இக்குரலைச் செவிமடுத்தோர் தாமதமாகவே வந்தனர். 1935இல் பதினான்கு வயதுச் சிறுமியொருத்தியை அடக்கம் செய்த ஆங்கிலிக்கப் பாதிரியார் சாட் வாரா, 1953இல் லண்டனில் துயருற்றோருக்குச் செவிகொடுக்கும் அமைப்பைத் தொடங்கினார். அவ்வழியில் 1974இல் இலங்கையிற் பிறந்தது சுமித்ரயோ. அதற்கு இரண்டாண்டு முன்பே கண்டியில் சத்தியோதயத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் தோட்ட மக்களின் பக்கம் நின்றார். 1983இன் புதிய திருச்சபைச் சட்டத்தில் பழைய தடை இடம்பெறவில்லை. 1992இன் மறைக்கல்வி நூல், கடும் மனவேதனை பொறுப்பைக் குறைக்கும் என்று ஒப்பியது. 1998இல் தண்டனைப் பிரிவும் நீங்கிற்று.

1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இவ்வாறு மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. அவ்வாண்டும் 1998இலும் கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டன. பத்தாண்டுகளில் விகிதம் பாதியாயிற்று. வறுமை ஒழியவில்லை, போரும் ஓயவில்லை. நஞ்சு கைக்கெட்டாத தூரத்திற்குப் போனதால் அந்தக் கொடிய ஓர் இரவைப் பலர் கடந்தனர். கடந்தவர்களிற் பெரும்பாலோர் வாழ்ந்தனர்.

லயத்தில் காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் இடையே ஒரு சுவர்தான். அப்பால் எழும் அழுகை இப்பால் கேட்கும். கதவைத் தட்டி, சாயத்தண்ணி ஒரு கோப்பையோடு விடியும்வரை உடனிருக்கும் அண்டை வீட்டுக் கிழவிக்குச் சாட் வாராவின் பெயர் தெரியாது.