ஃபால்சிகோவா, ஃபால்சிடாபா?

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க: ஃபால்சிகோ, ஃபால்சிடாப். ரெண்டுமே மூளை மலேரியா மருந்து. ஒண்ணுல ஆர்ட்டிசுனேட், இன்னொண்ணுல மெஃப்ளோகுயின். பழைய காடிலா குழுமம் பிரிஞ்சு உருவான ரெண்டு கம்பெனிங்க இந்தப் பேருக்காக கோர்ட் ஏறினாங்க. 2001 மார்ச் 26-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. மத்த சாமான் மாறினா காசு நஷ்டம், மருந்து மாறினா உயிருக்கே ஆபத்து; அதனால மருந்துப் பேர்ல கண்டிப்பு கூடுதலா வேணும்னு சொன்னாங்க. அனுமதிக்கு முன்னாடியே ட்ரேட்மார்க் ஆபீஸ் தேடல் அறிக்கை கேக்கலாம்னும் யோசனை சொன்னாங்க.

18 வருஷம் கழிச்சு, 2019-ல விதி வந்தது: பேர் குழப்பாதுன்னு கம்பெனியே உறுதிமொழி குடுக்கணும். பரீட்சை எழுதுறவனே பேப்பர் திருத்துற கதை :-)

அமெரிக்காவுல லாசிக்ஸோட குழம்பின லோசெக்கை 1990-லயே பிரிலோசெக்னு மாத்திட்டாங்க.

என் புத்தி டேட்டாபேஸ் பக்கம்தான் போகும். மாசாமாசம் ஒரே பிரஷர் மாத்திரை வாங்குறவர் கணக்குல ஒரு மாசம் மட்டும் பேர் ஒத்த வேறொண்ணு, அடுத்த மாசம் பழையதே. இதை ஒரு சின்ன குவெரி பிடிச்சிரும்.

ஆனா ரொம்ப காலம் பஸ்ஸே போகாத வத்தல்மலையிலேர்ந்து தருமபுரிக்கு இறங்கி வந்து, பில் இல்லாம மாத்திரை வாங்கிட்டு மலையேறினவர் எந்த டேபிள்லயும் இல்லையே.